பட்ஜெட் எண்ணைச் சரிபார்க்க எம்.பி.க்களுக்கு யார் இருக்கிறார்கள்?

2019 ஜூலையில் தாக்கலான மத்திய பட்ஜெட், அந்த ஆண்டின் மொத்த வரி வருவாய் 24.61 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்றது. கடைசியில் வசூலானது 20.10 லட்சம் கோடி. நடுவில் நிறுவன வரியைக் குறைத்தார்கள், பொருளாதாரமும் தளர்ந்தது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் கணக்கு அதற்கு முன்பே பிசகியிருந்தது. முந்தைய ஆண்டில் 22.48 லட்சம் கோடி வந்ததாக வைத்துக்கொண்டு, அதன்மேல்தான் புது எண்ணைப் போட்டிருந்தார்கள். உண்மையில் வந்தது 20.80 லட்சம் கோடி. அதைக் காட்டிய தற்காலிகக் கணக்கு பட்ஜெட்டுக்கு ஒரு மாதம் முன்பே வெளியாகியிருந்தது.

மத்திய வரியில் மாநிலங்களுக்குப் போகும் பங்கு அந்த ஆண்டு 8.09 லட்சம் கோடி என்று சொல்லப்பட்டு, சுமார் 6.51 லட்சம் கோடியில் முடிந்தது. அதில் தமிழ்நாட்டுக்கு 4.023 சதவீதம். வரும் என்று நம்பித் திட்டம் போட்ட மாநிலம், பணம் வராதபோது எதை நிறுத்தும்? சாலையை, பள்ளிக் கட்டடத்தை, ஆள் எடுப்பதை.

அரசு கலைக் கல்லூரியில் பொது நிதியியல் பாடம் நடத்தியவன் நான். பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, இறுதிக் கணக்கு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். அப்படி எழுதிய ஒரு மாணவி, “இதையெல்லாம் ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி எம்.பி.க்களுக்கு யார் சார் சொல்வாங்க?” என்று கேட்டாள். அமெரிக்காவில் அதற்கென்றே ஓர் அலுவலகம் இருப்பதைத்தான் பதிலாகச் சொன்னேன்.

அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்க மாட்டேன் என்று அதிபர் நிக்சன் நிறுத்திவைத்ததில் வெடித்த சண்டையின் விளைவு அது. 1974-இல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகம் வேலையைத் தொடங்கியது. முதல் இயக்குநர் ஆலிஸ் ரிவ்லின். எந்தக் கொள்கையையும் பரிந்துரைப்பதில்லை என்ற வழக்கத்தை அவர் வேரூன்றச் செய்தார். ஒரு மசோதாவுக்கு எவ்வளவு செலவாகும், பற்றாக்குறை எவ்வளவு கூடும் என்று மட்டும் சொல்வார்கள்.

கிளின்டனின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றாக்குறையைக் குறைக்கும் என்று வெள்ளை மாளிகை சொன்னது. ராபர்ட் ரீஷவர் தலைமையில் இருந்த இந்த அலுவலகமோ, 2000-க்குள் பற்றாக்குறை 7,000 கோடி டாலருக்கு மேல் கூடும் என்று 1994 பிப்ரவரியில் அறிவித்தது. அப்போது இரு அவைகளும் கிளின்டன் கட்சியின் கையில்தான் இருந்தன. 2017-இல் குடியரசுக் கட்சி ஒபாமா காலக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்க முயன்றபோது இயக்குநராக இருந்த கீத் ஹால், அதே கட்சியின் தலைவர்கள் நியமித்தவர். அந்த மசோதா நிறைவேறினால் 2026-க்குள் மேலும் 2.4 கோடிப் பேர் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்று அவருடைய அலுவலகம் எழுதிக் கொடுத்தது. நியமித்தவர்களின் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல முடிந்தது என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அவர்களும் தவறியிருக்கிறார்கள். அடுத்த பத்தாண்டுகளில் 5.6 லட்சம் கோடி டாலர் உபரி வரும் என்று 2001 ஜனவரியில் கணித்தார்கள். வரிக்குறைப்பு, பொருளாதாரத் தேக்கம், போர்கள் என்று அடுத்தடுத்து வர, உபரி போய்ப் பற்றாக்குறைதான் மிஞ்சியது. எது எவ்வளவு மாறியதால் கணிப்பு தவறியது என்று அவர்களே கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். தங்கள் பழைய கணிப்புகள் எவ்வளவு பலித்தன என்பதையும் அவ்வப்போது அச்சிடுகிறார்கள். நம் பட்ஜெட் ஆவணங்களில் நான் காண ஏங்குவது இந்தப் பக்கத்தைத்தான்.

நமக்குத் தணிக்கை அதிகாரி இருக்கிறார். ஆனால் பணம் செலவான பிறகுதான் அவர் வேலை தொடங்குகிறது. 2023 மார்ச்சில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைகள் மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறின. அமளிக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். விவாதம் நடந்திருந்தாலும், உறுப்பினர்கள் கையில் இருந்திருக்கக்கூடிய அரசு மதிப்பீடு நிதி அமைச்சகம் கொடுத்தது மட்டும்தான்.

நிதிப் பொறுப்புச் சட்டத்தை மறுஆய்வு செய்த என்.கே.சிங் குழு 2017-இலேயே தன்னாட்சி கொண்ட நிதி மன்றம் ஒன்றைப் பரிந்துரைத்தது. பிறகு அவரே தலைமை வகித்த பதினைந்தாவது நிதிக் குழுவும் அதை வலியுறுத்தியது. அந்த யோசனையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன்: உறுப்பினர்களை மத்திய அரசு நியமிக்கக் கூடாது. மக்களவைத் தலைவரும் மாநிலங்களவைத் தலைவரும், எதிர்க்கட்சித் தலைவர்களைக் கலந்து நியமிக்க வேண்டும். அந்த மன்றம் நாடாளுமன்றத்துக்கே பதில் சொல்ல வேண்டும். பட்ஜெட் தாக்கலான இரண்டு வாரத்துக்குள், வரி வருவாய் மதிப்பீடு எந்த அடிப்படையில் நிற்கிறது, மாநிலங்களுக்கு உண்மையில் எவ்வளவு போகும் என்ற அறிக்கை ஒவ்வொரு உறுப்பினர் கைக்கும் வர வேண்டும். மானியக் கோரிக்கை விவாதம் அதற்குப் பிறகு தொடங்கட்டும்.