அம்மா போன்ல எந்த மொழி இருக்கு?

அம்மாவோ அப்பாவோ வச்சிருக்கிற போனை ஒரு நிமிஷம் வாங்கிப் பாருங்க. செட்டிங்ஸ்ல எந்த மொழி இருக்கு? இங்கிலீஷ்னா, அதை செட் பண்ணிக் கொடுத்தது அநேகமா நீங்களாத்தான் இருக்கும்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை மாதிரி பட்டு நெசவு ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரு பட்டுப்புடவை தறியிலிருந்து இறங்க பல நாள் ஆகும். அத்தனை நாள் கூலியும் ஒரு தப்பான பட்டனில் போயிடலாம். "க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்"னு சொல்லித்தான் பலரை ஏமாத்துறாங்க. பணம் வாங்க பின் நம்பரே தேவையில்லை. பின் போட்டா நம்ம பணம் வெளியே போகுதுன்னு அர்த்தம்.

இதையெல்லாம் கத்துக்கொடுக்க திட்டமே இல்லையா? இருந்தது. கிராமங்களுக்கான பிரதமர் டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தை 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்தது. 20 மணி நேரப் பாடம், தமிழ் உள்பட 22 மொழிகளில். 6 கோடி பேர் இலக்கு. 2024 மார்ச்சில் திட்டம் முடிந்தபோது சுமார் 6.39 கோடி பேர் பயிற்சி பெற்றிருந்தார்கள். ஆனால், வீட்டுக்கு ஒருத்தர்தான். வயசும் 14 முதல் 60 வரைதான். அறுபதைத் தாண்டியும் தறியில் உட்காருகிற தாத்தாவுக்கு அதில் இடமில்லை. பயிற்சி பெற்ற அந்த ஒருத்தர் மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் வீடு முழுக்கப் போய்ச் சேரும்.

அந்த ஒருத்தர் இப்போ நீங்கதான். ஆப்களில் தமிழ் இல்லாமல் இல்லை. கூகுள் பே, 'தேஸ்' என்ற பெயரில் 2017-ல் வந்தபோதே தமிழிலும் வந்தது. ஆனால் மொழியை மாத்துறதோட வேலை முடியலை. 'அங்கீகரி', 'சரிபார்' என்பதெல்லாம் தமிழ்தான். வீட்டில் யாரும் அப்படிப் பேசுறதில்லையே! காஞ்சிபுரம் நெசவாளர் குடும்பங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசுறவங்களும் உண்டு. அவங்க வாயில் புழங்குற பேச்சிலேயே சொல்லிக்கொடுங்க.

நெசவாளர்களுக்கு கம்ப்யூட்டர் புரியாதுன்னு நினைக்காதீங்க. ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் பாவு நூல் மேலே ஏறும். இல்லைன்னா அப்படியே கிடக்கும். டிசைன் மொத்தமும் அந்த அட்டையில்தான் இருக்கு. பழைய கம்ப்யூட்டர்களுக்கும் துளை போட்ட அட்டைகளில்தான் தகவல் கொடுத்தார்கள். இதை வருஷக்கணக்கில் ஓட்டுறவங்களுக்கு 'சென்ட்', 'ரிசீவ்' பெரிய கம்பசூத்திரம் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்க. மொழியை மாத்துங்க. உங்களுக்கே ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்க, திருப்பி அனுப்புங்க. எங்கே பின் கேட்டுச்சு, எங்கே கேட்கலைன்னு அவங்களே பார்க்கட்டும். சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ, அவங்களுக்குப் புரியுற பெயரில் சேவ் பண்ணுங்க. பணம் போனால் உடனே அழைக்கணும். தாமதமானால் மீட்பது கஷ்டம்.

முக்கியமா, "குடும்மா, நான் பண்ணித் தர்றேன்"னு போனைப் பிடுங்காதீங்க. அடுத்த தடவை நீங்க பக்கத்தில் இருக்க மாட்டீங்க.