கல் பேசும், கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும்!

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஸ்ரீரங்கப்பட்டினம் போகாத முஸ்லிம் குடும்பம் அபூர்வம். எப்படிப் போகிறோம் என்பதுதான் கேள்வி. ஐம்பது பேரை ஒரு பேருந்தில் அடைத்துக்கொண்டு விடியுமுன் புறப்படுகிறோம். மைசூர் அரண்மனை, மிருகக்காட்சி சாலை, பிருந்தாவனம் என்று ஒரே நாளில் ஏழெட்டு இடங்களை மிதித்துவிட்டு நள்ளிரவில் ஊர் திரும்புகிறோம். நடுவே கும்பஸுக்கு அரைமணி நேரம் ஒதுக்கப்படுகிறது. ஃபாத்திஹா ஓதுகிறவர் ஓதுகிறார், அது கூடாது என்பவர் வாசலில் நின்று வாதம் செய்கிறார், இளைஞர்கள் செல்பேசியில் படம் எடுத்துக் கொள்கிறார்கள். பிறகு பிரியாணி எந்த ஓட்டலில் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது!

அந்தக் கட்டிடத்தைச் சுற்றி நிற்கும் மெருகேற்றிய கருங்கல் தூண்கள் 36. ஹைதர் அலி 1782இல் காலமானார். அவருக்காகத் திப்பு எழுப்பி 1784இல் முடித்த கட்டிடம் அது. உள்சுவரில் பூசப்பட்டிருக்கும் வண்ணக் கோடுகள் புலியின் உடல் வரிகள். தந்தம் பதித்த கதவுகளைப் பார்த்துத் திப்புவின் செல்வச் செழிப்பை வியக்கிறவர்கள் உண்டு. அந்தக் கதவுகள் 1855இல் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி கொடுத்தவை! வீட்டைச் சூறையாடியவன் அரை நூற்றாண்டு கழித்து வாசலுக்குக் கதவு செய்து போட்ட கதை இது. இதை அந்த இடத்தில் நிறுத்திவைத்துச் சொல்ல ஒருவர் இருந்தால் அந்த அரைமணி நேரம் வேறாக இருக்கும்.

தரியா தௌலத் மாளிகையும் அப்படித்தான். 1784இல் தேக்கு மரத்தால் கட்டிய கோடைக்கால மாளிகை. அதன் மேற்குச் சுவர் முழுவதும் ஒரு போர்க்களம் தீட்டப்பட்டிருக்கிறது. யானை, குதிரை, ராக்கெட், பல்லக்கில் ஒடுங்கிக் கிடக்கும் ஆங்கிலத் தளபதி பெய்லி. இந்தப் போர் எங்கோ மைசூர்ச் சீமையில் நடந்தது என்று நம்மவர்கள் நினைத்துக் கொள்கிறார்கள். நடந்தது நம் காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள புள்ளலூரில், 1780 செப்டம்பரில். அதற்காக ஹைதரின் படை தமிழகச் சமவெளிக்கு இறங்கியது நம் பாராமகால் பக்கத்துக் கணவாய் வழியாக. நாம் பிறந்து வளர்ந்த மண்ணின் வரலாற்றைக் கர்நாடகத்தின் சுவரில் பார்த்துவிட்டு, அது நம்முடையது என்று தெரியாமல் திரும்பி வருகிறோம்.

சகோதரர்களே! நாம் சொல்லாத கதையை வேறு யாரோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2015இல் கர்நாடக அரசு திப்பு ஜெயந்தியைக் கொண்டாடத் தொடங்கியது. 2019 ஜூலையில் அடுத்து வந்த அரசு அதை ரத்து செய்தது. 2022இல் ஸ்ரீரங்கப்பட்டினத்து ஜாமிஆ மஸ்ஜிதே ஆஞ்சநேயர் கோயில்தான் என்று சிலர் மனுக் கொடுத்து ஊர்வலம் கிளம்பினார்கள். திப்பு கட்டி 1787இல் முடித்த, எண்கோண மினாராக்கள் இரண்டு நிற்கும் அந்தப் பள்ளியைப் பற்றி நம் இளைஞன் ஒருவனை மேடையேற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். இரண்டாவது நிமிடத்தில் கோஷம்தான் வரும், செய்தி வராது. கோஷத்துக்குக் கைதட்டல் கிடைக்கும். வாதத்தை வெல்லச் செய்தி வேண்டும்.

நம் பக்கத்துக் கதையை மட்டும் பூசி மெழுகிச் சொல்லும் வழிகாட்டியை நாம் கேட்கவில்லை. குடகிலும் மலபாரிலும் திப்புவின் படையெடுப்பு விட்டுச்சென்ற வடு பற்றிக் கேள்வி எழும். எழட்டும். அதற்கு நேராகப் பதில் சொல்லத் தெரிந்தவன்தான், அதே கோட்டைக்குள் அரங்கநாதர் கோயில் அவர் காலம் முழுவதும் பூஜை குறையாமல் நின்றதையும் சொல்லத் தகுதி உள்ளவன். 1791இல் மராத்தியப் படை சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது மடத்தைச் சீர்செய்யத் திப்பு உதவியதையும், மடாதிபதிக்கு அவர் எழுதிய கன்னடக் கடிதங்கள் 1916இல் கண்டெடுக்கப்பட்டதையும் அவன் சொல்லும்போதுதான் கேட்பவர் நம்புவார்.

ஆகவே நாம் முன்வைப்பது இதுதான். பேருந்துப் பயணங்கள் இருக்கட்டும், பெண்களும் குழந்தைகளும் காற்று வாங்க அவையும் தேவை. அவற்றோடு பன்னிரண்டு பேர், மிஞ்சினால் பதினைந்து பேர் கொண்ட சிறு குழுப் பயணங்களை நம் கிளைகள் தொடங்க வேண்டும். ஒரு வேன், விஷயம் தெரிந்த ஒருவர், ஒரு நாளைக்கு இரண்டே இடம். பதினைந்து பேர் என்றால் எல்லார் காதிலும் குரல் விழும், கூச்சப்படுகிறவனும் கேள்வி கேட்பான். ஐம்பது பேர் கூட்டத்தில் பின்வரிசைக்காரன் கடைக்குப் போய்விடுவான் என்பது நமக்குத் தெரியாததா?

விஷயம் தெரிந்தவருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நம் பகுதியில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. மதரஸாக்களில் ஃபார்ஸி படித்த ஹஜ்ரத்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கிய ஃபார்ஸி வரிகளை நம் பட்டதாரி அழகான கோலம் என்று கடந்து போகிறான், அந்த ஹஜ்ரத் நின்று வாசித்துவிடுவார். அவரோடு வரலாறு படித்த ஆசிரியர் ஒருவரையும், கட்டிடப் பொறியாளர் ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள். ஓசூர்த் தொழிற்சாலைகளில் பொறியியல் படித்த நம் பிள்ளைகளுக்கா பஞ்சம்? 1656இல் முடிந்த பீஜப்பூர் கோல் கும்பஸின் அத்தனை பெரிய மாடம் நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் எப்படி நிற்கிறது என்று அவன் விளக்கட்டும். குல்பர்காவில் 1367இல் எழுந்த ஜாமிஆ மஸ்ஜித் மற்றப் பள்ளிகளைப் போல் திறந்த முற்றம் இல்லாமல் முழுவதும் கூரை மூடியிருப்பது ஏன் என்று அவர்களுக்குள்ளேயே விவாதம் நடக்கட்டும்.

தூரம் போகுமுன் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்போமா? ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டையும், அவருடைய தந்தை ஃபதஹ் முஹம்மத் அடங்கியிருக்கும் கோலாரும் எல்லைக்கு அப்பால் எட்டும் தூரம். அதைவிடப் பக்கம் கிருஷ்ணகிரி மலை. பழையபேட்டைக்காரர்கள் தினமும் அண்ணாந்து பார்க்கும் அந்தக் கோட்டையை 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற ஆங்கிலத் தளபதி தாக்கினான். கீழே ஊரைப் பிடித்தான். மேலே கோட்டை வாசலுக்குள் நுழைய முடியாமல் உயிர்ச்சேதத்தோடு இறங்கினான். மறு ஆண்டு, 1792 ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் பாராமகால் கைமாறியபோதுதான் கோட்டையும் கைமாறியது. தர்காவுக்காக மலை ஏறுகிறவர்களும் ஏறக்கூடாது என்கிறவர்களும் நம்மிடையே உண்டு. அந்த மஸ்அலாவை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். கோட்டை மதிலைப் பார்க்க ஏறுவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

இதில் நமக்கு உண்மையாகவே வலிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. பிறர் நம் சின்னங்களை அழிக்கப் பார்க்கிறார்கள் என்று மேடைதோறும் முழங்குகிறோம். நம் ஊர்களில் நூறு, இருநூறு வருடப் பள்ளிவாசல்களை இடித்துத் தள்ளியது யார்? நம் முத்தவல்லிகளும் நிர்வாகிகளும்தான்! வளைகுடாப் பணம் வந்ததும் கல்தூணைப் பெயர்த்துப் போட்டுவிட்டு கான்கிரீட் எழுப்பி, பளபளக்கும் பச்சை ஓடு ஒட்டி, அரேபியாவில் பார்த்த மாடத்தைச் சிமெண்டில் வார்த்து வைக்கிறோம். ஜனத்தொகை பெருகிவிட்டது, இடம் போதவில்லை என்பது நியாயமான காரணம். பக்கத்தில் விரிவாக்கலாமே! பழையதைத் தரைமட்டமாக்கித்தான் தீர வேண்டுமா?

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் போய்ப் பாருங்கள். தட்டைக் கல் கூரை, வரிசையாகச் செதுக்கிய கல்தூண்கள். பக்கத்துக் கோயிலின் தூண்களைச் செதுக்கிய அதே தச்சுமரபு இங்கே உருவங்களை விட்டுவிட்டுப் பூவும் கொடியும் செதுக்கியிருக்கிறது. தமிழ் முஸ்லிம் எங்கிருந்தோ வந்தவன் என்று சொல்கிறவனுக்கு அந்தத் தூணே பதில். சென்னை திருவல்லிக்கேணியில் 1795இல் ஆற்காட்டு நவாப் குடும்பம் கட்டிய வாலாஜா பெரிய பள்ளியில் மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லாலேயே கட்டிடம் எழுந்தது. அதன் மிஹ்ராபுக்கு மேலே பள்ளி கட்டிய ஆண்டைப் பொதிந்து வைத்த ஃபார்ஸி வாசகத்தை இயற்றியவர் நவாபிடம் பணிபுரிந்த ராஜா மக்கன் லால் என்ற இந்துப் புலவர். நாகூரின் 131 அடி மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங். இவற்றை நம் பிள்ளைகள் புத்தகத்தில் படித்தால் மறந்துவிடுவார்கள். நேரில் கொண்டுபோய் நிறுத்திச் சொன்னால் தங்கள் ஊர்ப் பள்ளியில் கடப்பாரை விழும்போது தடுக்க ஒருவனாவது எழுந்து நிற்பான்.

அடுத்தது, நாம் மட்டும் பார்த்தால் போதுமா? 2020 ஜனவரியில் பெங்களூர் டாஸ்கர் டவுனில் உள்ள மோதி மஸ்ஜிதைப் பிற சமயத்தாருக்காக ஒரு நாள் திறந்துவைத்தார்கள். (பெயரைப் பார்த்துப் புருவம் உயர்த்த வேண்டாம். 1849இல் அதைக் கட்டிய வணிகர் மோதி அப்துல் கஃபூரின் பெயர் அது!) ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் உள்ளே வந்து, ஒளூ செய்யும் இடம் எது, இமாம் எங்கே நிற்பார், மிம்பர் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தொழுகையையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜெர்மனியில் 1997 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 3ஆம் தேதி பள்ளிகளை இப்படித் திறந்து வைக்கிறார்கள். துபாயில் வேலை பார்த்துத் திரும்பிய நம் சகோதரர்கள் ஜுமைரா பள்ளியில் வெள்ளைக்காரக் குழுக்களுக்கு விளக்கம் சொல்வதைப் பார்த்திருப்பார்கள். அங்கே முடிந்தது ஓசூரில் ஏன் முடியாது? இங்கே தொழிற்சாலைகளில் தமிழர், கன்னடர், தெலுங்கர், ஒடிசாக்காரர், பீகார்க்காரர் எல்லோரும் ஒரே இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள். பள்ளிவாசலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத சக தொழிலாளியை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வர என்ன தடை? பதிலுக்கு அவர் தம் கோயிலின் கல்வேலையைக் காட்ட அழைத்தால், வணக்கத்தில் கலந்துகொள்ளாமல் கலையைப் பார்த்து வருவதற்கு நாமும் தயங்க வேண்டியதில்லை.

வணிகப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. மாநாட்டுப் பந்தலுக்கும் வரவேற்பு வளைவுக்கும் தாராளமாகத் தருகிறீர்கள், நன்றி. அந்தப் பந்தல் மறுநாள் பிரிக்கப்படுகிறது. அதில் ஒரு பங்கு பதினைந்து பிள்ளைகளுக்கு வேன் வாடகையாகவும் மதிய உணவாகவும் ஆகட்டும். பணத்தை இனாமாகப் போடுவதாகவும் நினைக்க வேண்டாம். பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலை 2023இல் திறந்தபின் ஓசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டினம் முன்னைப்போல் அலுப்பான பயணம் இல்லை. தமிழும் உருதும் கன்னடமும் ஆங்கிலமும் ஓரளவு பேசும் எல்லைப்புற இளைஞனைவிட நல்ல வழிகாட்டி யார்? முறையாகப் பயின்று உரிமம் பெற்றால் அது அவனுக்கு ஒரு தொழில். வேன் வைத்திருப்பவருக்கும் ஓட்டல் நடத்துபவருக்கும் அது வியாபாரம்.

வக்ஃபு வாரியத்திடமும் சுற்றுலாத் துறையிடமும் நம் கோரிக்கை உண்டு. தமிழகத்தின் தொன்மையான பள்ளிவாசல்களுக்கு முழுமையான பட்டியலும் தமிழில் கையேடும் வேண்டும், பழைய பள்ளியை இடிக்க வாரியத்தின் முன் அனுமதியும் தொல்லியல் அறிந்தவரின் ஆய்வும் கட்டாயமாக வேண்டும். மனுக்களை மாவட்டக் கிளைகள் தயாரிக்கட்டும். ஆனால் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் பயணம் கிருஷ்ணகிரி மலையாகவே இருக்கட்டும், வேன் வாடகைகூட இல்லை. ஃபஜ்ரு தொழுதவுடன் அடிவாரத்தில் கூடி வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும். தண்ணீர் பாட்டிலைக் கொண்டு போகிறவர் காலியான பாட்டிலையும் திரும்பக் கொண்டு வர வேண்டும். மதிலில் பெயர் கிறுக்குகிறவனுக்கு அடுத்த பயணத்தில் இடமில்லை. பள்ளிகள் உள்ள இடங்களுக்குப் போகும்போது தொழுகை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள். தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள எல்லா இடத்திலும் தொழ அனுமதி கிடையாது, அங்கே போய்க் காவலாளியோடு தகராறு செய்வதால் பயனும் கிடையாது. பெண்கள் தனிக் குழுவாக வர விரும்பினால் ஆசிரியை ஒருவர் தலைமையில் அதற்கும் ஏற்பாடு செய்யுங்கள். பார்த்து வந்ததை அந்த வாரமே மதரஸா மாணவர்கள் முன்னால் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். யார் சொல்வது என்பதை மலை ஏறும்போதே முடிவு செய்துவிடுங்கள், இறங்கியபின் கேட்டால் ஒருவரும் முன்வர மாட்டார்கள்!