என் காதும் மகனின் மீட்டரும்

போன மாதம் 380 வெள்ளிக்கு ஸ்பீக்கர் வயர் வாங்கினேன். வீட்டில் 80 வெள்ளி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கடையில் கேட்டபோது சாதாரண வயருக்கும் இதற்கும் அப்படி ஒரு வித்தியாசம். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை ஓடவிட்டார்கள். 1986இல் வந்தது, கேசட் நாடா தேயும்வரை நான் கேட்டது. புது வயரை மாட்டியதும் வயலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. “சார், உங்க காது நல்ல காது” என்றார் கடைக்காரர். பாதிப் பணம் அந்த ஒரு சொல்லுக்கே போயிருக்கும்.

பொறியாளரான என் மகனுக்குச் சிரிப்பு. “ரெண்டு வயரையும் அளந்து பாத்தா ஒண்ணாத்தான்பா இருக்கும்” என்றான். “எல்லாத்தையும் மீட்டர்ல அளக்க முடியுமாடா? அம்மா ரசத்தை எந்த மீட்டர்ல அளப்பே?” என்றேன். ஒலிப்பிரியர்கள் பல பத்தாண்டுகளாகப் போடும் சண்டைதான் இது.

“சரி, பாக்காம கேளுங்க” என்றான். முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பத்து முறை பாட்டைப் போட்டான். எந்த வயர் என்று நான் சொல்ல வேண்டும். மனைவி தாளில் குறித்துக்கொண்டார். பத்துக்கு ஐந்து சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு கிடைத்திருக்கும். நான்காவது முறை அவன் வயரை மாற்றவே இல்லையாம், சும்மா சத்தம் மட்டும் காட்டினானாம். அப்போதுதான் நான், “ஆகா, வயலின் முன்னாடி வந்துடுச்சு” என்றிருக்கிறேன்.

அப்படியானால் கடையில் நான் கேட்டது பொய்யா? பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை. வயரை மாற்றும்போது கடைக்காரர் ஒலிக்குமிழைத் தொட்டாரா என்று நான் கவனிக்கவில்லை. ஒலி ஒரு டெசிபல் கூடினால் போதும். நம் காது அதைச் ‘சத்தம் கூடிவிட்டது’ என்று எடுத்துக்கொள்வதில்லை. ‘தெளிவு கூடிவிட்டது’ என்றே எடுத்துக்கொள்ளும். தாழ்ந்த ஒலியில் அடித்தொனி நம் காதுக்குக் குறைந்தே கேட்கும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். சத்தத்தைச் சற்றுக் கூட்டினால் தவிலுக்கும் உடம்பு வரும்.

கண் செய்யும் வேலை இன்னொன்று. ஃபுளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள், பார்வைக்குப் பெரிதாக, அழகாக இருந்தவற்றுக்கு அதிக மதிப்பெண் போட்டார்கள். பார்க்க முடியாதபடி மறைத்துக் கேட்கச் செய்ததும் அந்த இடைவெளி சுருங்கிப்போனது. கேட்டவர்கள் ஒலித்துறையில் வேலை பார்ப்பவர்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அதற்காக, பெட்டியில் அச்சடித்த எண்ணையெல்லாம் நம்பிவிட முடியுமா? ‘பிஎம்பிஓ 2,000 வாட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய மினி காம்போ வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் அது இழுக்கும் மின்சாரமே சில பத்து வாட்தான். ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தாலும் பயனில்லை. எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்பதையும் கடையில் கேளுங்கள்.

மகனும் ஒருமுறை மாட்டிக்கொண்டான். இணையத்தில் கோடு நேராகப் போன வரைபடத்தைப் பார்த்து, தன் புது பிடிஓ வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கினான். பாட்டைப் போட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது: பாஸ் கிதார் ஒரே ஒரு சுரத்தில் மட்டும் ‘பூம்’ என்றது. ஸ்பீக்கரில் குறையில்லை. அந்த வரைபடம் எதிரொலியில்லாத அறையில் எடுத்தது. இவன் வீட்டுக் கூடமோ சுவருக்குச் சுவர் 3.4 மீட்டர். 50 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறக்குறைய 6.9 மீட்டர், அதில் பாதி அந்தக் கூடத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தி அங்கேயே நின்று முழங்கியது. சோபாவோ பின்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. முழக்கம் அதிகமாக இருப்பதும் சுவர் ஓரத்தில்தான். முன்னால் இழுத்துப் போடச் சொன்னேன். அவன் மைக் வைத்து அளந்தான். 50 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே மேடு! “அப்பா, காது பரவாயில்லையே” என்றான். சோபாவை இழுக்க ஒரு காசு செலவில்லை.

அன்றிரவு கைத்தொலைபேசியில் இன்னொரு சோதனையும் செய்தோம். அவனுக்கு 16,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. 56 வயதாகும் எனக்கு 11,000இலேயே நின்றுவிட்டது. மனம் லேசாகச் சுருங்கியது. பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸ்தான் என்று அவனே தேடிப் பார்த்துச் சொன்னான். எந்தச் சுரமும் போகவில்லை. மேலே பூசிய மினுமினுப்புதான் போயிருக்கிறது.

நீங்கள் சாமான் வாங்கப் போனால், நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைக் கொண்டுபோங்கள். இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். கைத்தொலைபேசிச் செயலியே ஓரளவுக்குக் காட்டிவிடும். முதுகைத் திருப்பிக்கொள்ளுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அந்த வயரைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். இப்போது டிவிக்குப் போட்டிருக்கிறேன். மனைவி ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பார். அந்நேரம் நான் தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போயிருப்பேன்.