குறட்டை நல்ல நித்திரையின் அடையாளம் இல்லை

இறம்பொடை உறவுகளே, கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

2025 மே 11 அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் நம் கெரண்டிஎல்லயில் பள்ளத்தில் விழுந்து 20க்கும் அதிகமானோர் இறந்தார்கள். காரணம் சொல்வது விசாரணைக்காரரின் வேலை. ஆனால் அன்று அழுத நாமே, கல்யாணம், ட்ரிப் என்றால் "ராவே போய் ராவே திரும்பலாம்" என்று வேன் பிடிக்கிறோம். பகல் முழுக்க ஓடிய அதே டிரைவர். கேட்டால், "அவருக்கு நித்திரையே வராது!"

நித்திரை வராத மனுசன் இல்லை. அதிகாலை 2 முதல் 6 மணி வரை எந்த உடம்பும் சோரும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் 3 விநாடி கண் சொக்கினால் வேன் 33 மீற்றர் ஓடிவிடும். நம் வளைவுகளில் அவ்வளவு இடம் எங்கே? பாட்டும் பிளேன்டீயும் நித்திரைக்கு ஈடாகாது.

இன்னொன்று. பலத்த குறட்டையை நல்ல நித்திரை என்கிறோம். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறுபவருக்குத் தொண்டை அடைபடுகிறது, ஒட்சிசன் குறைகிறது, மூளை திரும்பத் திரும்ப விழிக்கிறது. 8 மணித்தியாலம் படுத்தாலும் காலையில் தலைவலி, பகலில் தூக்கம். அது சோம்பேறித்தனமல்ல, வருத்தம். எடையைக் குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, தேவையானால் இரவில் காற்றழுத்த முகமூடி என வைத்தியம் இருக்கிறது. சகோதரிகளே, அந்தத் திணறலைக் கேட்பது நீங்கள்தான். டொக்டரிடம் கூட்டிப் போங்கள்.

டிரைவர்மாரே, கண் சொக்கினால் ஓரங்கட்டி 20 நிமிடம் தூங்குங்கள். ஏறியிருக்கும் நாம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். உயிர் அமானிதம்.