தோட்டத்துக் காவலர்

செடியில் ஊர்வனவெல்லாம் பகையே என்றெண்ணி நஞ்சு தெளிப்போர் பலர். அவர்கள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நிகழ்ந்ததை அறிதல் நன்று. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தேறிய, பஞ்சுப்பொதி சுமந்த செதிற்பூச்சி, 1880களில் அங்கிருந்த ஆரஞ்சு மரங்களின் சாற்றை உறிஞ்சி அவற்றைப் பட்டுப்போகச் செய்தது. பூச்சியின் தாயகத்திலேயே அதன் பகையும் இருத்தல் வேண்டுமன்றோ? அதனைத் தேடி 1888இல் ஆல்பர்ட் கோபெலே என்பார் ஆஸ்திரேலியா சென்றார். அவர் முதலில் அனுப்பிய பொறிவண்டுகள் 129 மட்டுமே. கூடாரமிட்டு மூடிய மரமொன்றில் விடப்பெற்ற அச்சிறுபடை பல்கிப் பரவி, ஓரிரு ஆண்டுகளில் செதிற்பூச்சியை அடக்கிவிட்டது. 1940களில் அத்தோட்டங்களில் டி.டி.டி. தெளித்தனர், வண்டுகள் மடிந்தன, செதிற்பூச்சி மீண்டும் தலைதூக்கியது.

வீட்டுத் தோட்டத்து அவரைக்கொடியிலும் இத்தகைய போர் நிகழ்கின்றது. அங்கே அசுவினியைத் தின்பது பொறிவண்டு மட்டுமன்று. அதன் புழுவும் தின்னும். கருநிறமும் சொரசொரப்பும் உடைய அப்புழுவை, அழகிய வண்டின் பிள்ளையென அறியாது, பலர் நசுக்கிவிடுகின்றனர். பகையைக் காத்து நட்பைக் கொல்லும் செயலன்றோ இது! கொடியில் சில அசுவினிகள் எஞ்சியிருப்பின் அஞ்ச வேண்டுவதில்லை. இரை அடியோடு அற்றுப்போயின், காவல் புரியும் வண்டுகளும் வேறிடம் நாடிப் பறந்துவிடும்.