தட்டைக் கழுவுவது யார்?

2024 மார்ச்சில் பெங்களூரின் போர்வெல்கள் வறண்டு, தண்ணீர் லாரிக்காகத் தெருத்தெருவாகக் காத்துக் கிடந்தோம். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த நாட்களில் பல அடுக்குமாடி வீடுகளில் எவர்சில்வர் தட்டுகள் அலமாரிக்குள் போய், காகிதத் தட்டுகள் வெளியே வந்தன. வேறு வழியில்லாமல் செய்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு மழை பெய்து தொட்டிகள் நிரம்பின. ஆனால் எனக்குத் தெரிந்த சில வீடுகளில் காகிதத் தட்டு மட்டும் போகவே இல்லை. விருந்தாளிகள் நாலு பேர் வந்தாலே அதுதான்.

பிளாஸ்டிக் இல்லையே, காகிதம்தானே என்கிறார்கள். கர்நாடகம் 2016-லேயே பிளாஸ்டிக் பை, தட்டு, கோப்பை, கரண்டி எல்லாவற்றையும் தடை செய்தது. 2022 ஜூலையில் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி போன்றவற்றுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. நாமும் காகிதத்துக்கு மாறிக் கடமையை முடித்துக்கொண்டோம். ஆனால் சூடான காபியைத் தாங்குகிற காகிதக் கோப்பையின் உட்புறத்தில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் பாலிஎதிலின் படலம்தான். அதில் 100 மில்லி சூடான நீரைக் கால் மணி நேரம் வைத்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் கண்டார்கள். அதே படலம் ஒட்டி, சாம்பார் ஊறிய தட்டைப் பச்சைத் தொட்டியில் போட்டால் உரமாகாது. உலர்குப்பைக்கான வெள்ளைப் பையில் போட்டால் சுத்தமான அட்டையும் சேர்ந்து கெடும். 2015 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்ன இரண்டு தொட்டி, ஒரு பை முறையில் அதற்கு உருப்படியான இடமே கிடையாது.

அப்புறம் எங்கே போகும்? நகரத்துக்கு வெளியே, இன்னொருவர் ஊருக்கு. மாவள்ளிபுரத்து மக்கள் போராடி 2012-இல் குப்பை லாரிகளை நிறுத்தினார்கள். அதன்பின் மண்டூர் தாங்கியது. அங்கேயும் நிலத்தடி நீர் கெட்டு, ஜனங்கள் சாலையில் உட்கார்ந்து, 2014 டிசம்பரில்தான் லாரிகள் நின்றன. பத்து நிமிஷம் கையில் வைத்திருந்த தட்டுக்காக ஒரு கிராமம் தன் கிணற்றை இழப்பதை எந்த வசதியின் பேராலும் என்னால் ஏற்க முடியாது.

இத்தனைக்கும் பாத்திரத்தைத் திரும்பத் திரும்பப் புழங்குவதில் இந்த ஊர் கெட்டிக்கார ஊர். தர்ஷினி உணவகத்தில் நின்றபடி சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு நடப்போம். இருவர் பகிர்ந்துகொள்ளும் பை-டூ காபி வந்த டம்ளர் அடுத்த ஐந்தாவது நிமிஷம் இன்னொருவர் கையில் இருக்கும். பார்சல் என்றதும்தான் சட்னிக்கு ஒரு பை, சாம்பாருக்கு ஒரு பை. தூக்குப் பாத்திரத்தை நீட்டினால் பெரும்பாலான கடைகளில் மறுபேச்சில்லாமல் ஊற்றித் தருகிறார்கள்.

வீட்டு விசேஷம்தான் கடினம். விசேஷத்துக்கும் எவர்சில்வர் தட்டே போதும் என்று எங்கள் குடியிருப்பில் பேசியபோது மூன்றாவது மாடி மாமி கேட்டார்: "எல்லாம் சரிம்மா, நூறு தட்டை யார் கழுவறது?" அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். எவர்சில்வர் தட்டு விருந்திலிருந்து ஒதுங்கியதற்குப் பெரிய காரணமே அதுதான். மண்டபத்தின் பின்புறம் ஈரத்தில் குந்தி, குறைந்த கூலிக்குப் பாத்திரம் தேய்த்த பெண்களை நாம் பார்த்ததே இல்லை. அவர்களை அந்த நிலையிலேயே விட்டுவிட்டுப் 'பழையபடி எவர்சில்வர்' என்று நான் கேட்க முடியாது.

தட்டு கிடைப்பது பிரச்சினையில்லை. பெங்களூரில் அதம்ய சேதனா என்ற அமைப்பு தட்டு வங்கியே நடத்துகிறது. விசேஷங்களுக்கு எவர்சில்வர் தட்டு, டம்ளர், கரண்டி கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். வாடகைப் பாத்திரக் கடைகளும் இருக்கின்றன. தண்ணீருக்கும் வழி உண்டு. எச்சிலை வழித்துவிட்டு, ஊற ஒரு அண்டா, சோப்புக்கு ஒன்று, அலச ஒன்று, கடைசியில் வெந்நீரில் ஒரு முக்கு என்று வைத்தால், குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிட வெகு குறைவாகத்தான் செலவாகும். சுமார் 100 கிலோமீட்டரிலிருந்து மேடேற்றி வருகிற காவிரித் தண்ணீர், அதை அப்படித்தான் செலவழிக்க வேண்டும். வாழையிலை கிடைத்தால் இன்னும் நல்லது, தண்ணீரே வேண்டாம். பாக்குமட்டைத் தட்டும் மக்கும்தான். ஆனால் அதையே பாலிதீன் பையில் கட்டி வீசினால் பயனில்லை.

வருகிற பொங்கல் விழாவுக்கான கூட்டம் அடுத்த ஞாயிறு. ஒலிபெருக்கிக்கும் தோரணத்துக்கும் ஒதுக்குவதுபோல் பாத்திரம் கழுவுவதற்கும் தனித்தொகை ஒதுக்கச் சொல்லப்போகிறேன். கழுவ வருகிற பெண்களுக்குச் சமையல்காரருக்கு இணையான கூலி, நின்று வேலை செய்ய இடுப்புயர மேசை, கையுறை, முதல் பந்தியிலேயே சாப்பாடு. பணம் போதாதென்றால் தோரணத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.