ஜீப்பு கிளம்பிய பின் திறக்கும் அங்கன்வாடி

போடிநாயக்கனூரில் விடியுமுன்னரே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பகுதி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்வோரில் தலித் பெண்கள் கணிசமானோர். அங்கன்வாடி திறப்பதற்குள் அவர்கள் மலையேறிவிடுகிறார்கள். குழந்தையை மையத்தில் விடுவது பாட்டியோ, அதனாலேயே பள்ளிக்குத் தாமதமாகும் அக்காளோதான். ஜூன் மாதத்தில் அக்குழந்தை முதல் வகுப்பில் சேரும் நாளிலும் நிலைமை மாறுவதில்லை. ஒருநாள் கூலியை இழந்தால்தான் தாய் உடன்செல்ல முடியும்.

குழந்தை பள்ளிக்கு ஆயத்தமாக இருக்கிறதா என்று கல்வித்துறை கேட்கிறது. பள்ளி இக்குழந்தைக்கு ஆயத்தமாக இருக்கிறதா என்று கேட்க வேண்டியவர்கள் நாம். பல கிராமங்களில் அங்கன்வாடி காலனிக்குள் இருக்கிறது. பள்ளியோ ஊர்த்தெருவில் இருக்கிறது. நூறடித் தூரம்தான் என்றாலும், 1989இல் சாதி வன்முறையைக் கண்ட இவ்வட்டாரத்தில் அந்த நூறடியின் பொருள் பெரியவர்களுக்குத் தெரியும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதுவே தெரிந்துகொள்கிறது. 2022இல் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தலித் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த கடைக்காரரின் காணொலியை நாடே பார்த்தது. மறு ஆண்டு எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், தலித் பெண் சமைத்த காலை உணவை உண்ணவிடாமல் பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளைத் தடுத்தனர். நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தபோது, விவாதமெல்லாம் மேல்வகுப்பு மாணவரின் கைக்கயிறு, நெற்றித்திலகம் பற்றியே சுழன்றது. அந்தக் கயிறு மனத்தில் கட்டப்படுவது முதல் வகுப்பின் பாய்வரிசையில் என்பதே நம் கருத்து.

சட்டம் இந்த வயதை நடுவில் விட்டுவிட்டது. அரசியல் சாசனத்தின் மூல 45ஆவது பிரிவு, 14 வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றது. கீழ்வரம்பு எதையும் வைக்கவில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் 14 வயது என்பதற்காக வாதாடிய அண்ணல் அம்பேத்கர், அந்த வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தொழிலில் அமர்த்தத் தடையிருப்பதைச் சுட்டி, அப்பிள்ளை இருக்க வேண்டிய இடம் கல்விக்கூடமே என்றார். 2002இன் 86ஆவது திருத்தம் ஆறு முதல் பதினான்கு வரை மட்டும் அடிப்படை உரிமையாக்கிவிட்டு, ஆறு வயதுக்குட்பட்டோரை அரசின் ‘முயற்சி’க்கு ஒப்படைத்தது. தமிழ்நாட்டிலோ ஐந்து வயதில் முதல் வகுப்பு. உரிமை பிறப்பதற்கு ஓராண்டு முன்பே குழந்தை பள்ளிவாசலில் நிற்கிறது.

மாநில அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டன. ஆனால் அவை அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த மையங்கள். மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட மையங்கள் உள்ள நிலையில், காலனிக்கும் மலைக் குடியிருப்புக்கும் அத்திட்டம் எட்டவில்லை. 2022இல் அதையும் கைவிட முனைந்து, எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கினார்கள். அதே ஆண்டு வந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் பாராட்டுக்குரியது. எனினும் அது 1 முதல் 5ஆம் வகுப்புவரைக்கே வகுக்கப்பட்டது. அண்ணனுக்குப் பொங்கல் கிடைக்கும் காலையில் நான்கு வயதுத் தங்கை என்ன உண்கிறாள்? இருவரின் தாயும் ஒரே ஜீப்பில்தான் போனாள்.

தோட்ட உரிமையாளரின் கடமையும் பேசப்படுவதில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்கள் வேலைசெய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. ஏலத்தோட்டமும் அதில் அடங்கியிருந்தது. ஆனால் சிறு தோட்டங்களும், மாநில எல்லை கடந்து அன்றாடம் வந்துபோகும் கூலிமுறையும் அக்கடமையிலிருந்து நழுவ வழிசெய்தன. வேலைக்காலத்தில் குடும்பத்தோடு மலையில் தங்குவோரின் பிள்ளைகள் இரு மாநிலங்களின் பதிவேட்டிலும் விடுபடுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, மாற்றுச் சான்றிதழ் தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. வேறு மாநிலத்திலிருந்து வந்தாலும் அப்படியே. வயதுச் சான்று இல்லையென்று திருப்பியனுப்பவும் முடியாது. இதைத் தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்ல, போடிக் கல்லூரிகளில் படிக்கும் தோழர் ஒருவர் அந்தப் பாட்டியுடன் சென்றாலே போதும்.

அங்கன்வாடி ஊழியரும் முதல் வகுப்பு ஆசிரியரும் மே மாதத்திலேயே சந்தித்து, ஒவ்வொரு குழந்தையையும் பெயர்சொல்லி ஒப்படைக்க வேண்டும். குழந்தைகளை முன்கூட்டியே சில நாள் பள்ளிக்கு அழைத்துச் சென்று, எல்லோருடனும் கலந்து உட்காரவைத்து உண்ணச் செய்ய வேண்டும். ஜீப்பு கிளம்பும் நேரத்தில் திறக்கும் மையம் வேண்டும். அதற்குரிய ஊதியத்துடன் கூடுதல் ஊழியரும் வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்கிறது சட்டம். அக்கூட்டத்தை ஜீப்பு திரும்பிய பின் நடத்தினால்தான் ஏலத்தோட்டப் பெண்கள் அதில் வாய்திறக்க முடியும். பள்ளி திறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, மே 1 அன்று, கிராமசபை கூடுகிறது. இவற்றைத் தீர்மானமாக எழுதி எடுத்துச் செல்வோம்.